மார்னியின் முதுகுக்குப் பின்னால்

லிண்டால், மினசோட்டா
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், நாய்க்கு மட்டும் காதில் புண். அங்கே நீ காய்ச்சல் எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கொசுவலைக்குள் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். டிசம்பரில் நீ போட்ட கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. ஜாம்பியாவிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் நீ கேட்டிருந்ததில் பாதி பழசாகிவிட்டது, உன் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுவிட்டார்களா என்று நான் கேட்பதும் உன்னிடம் வருவதற்குள் அப்படித்தான் ஆகப்போகிறது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். அப்பாவும் நானும் பேசிக்கொள்கிறோம். நன்றாகவே பேசிக்கொள்கிறோம். சர்ச்சும் இரண்டாக உடையவில்லை. அக்டோபரில் நான் மனக்கசப்போடு எழுதிய அந்தக் கடிதத்தை இனி நீ அடுப்பு மூட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என்ன நடந்தது என்று முழுவதும் எழுதுகிறேன். மார்னி எழுதலாம் என்று சொல்லிவிட்டாள், ஏன் அவளிடம் கேட்டேன் என்பது போகப்போகத் தெரியும். இலையுதிர் காலத்தில் எங்கோ தெற்கே ஒரு சர்ச்சில் யாரோ புகுந்து சுட்டான் இல்லையா, அதற்குப் பிறகு நம் ஆட்களுக்குத் தூக்கம் போய்விட்டது. நம் மாநிலத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் ஆராதனைக்குக் கைத்துப்பாக்கியோடு வரலாமா கூடாதா என்பதை அந்தந்தச் சர்ச்சே முடிவு செய்துகொள்ளலாம் என்பது உனக்குத் தெரியும். இத்தனை காலம் நாம் யாரும் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. யார் ஜாக்கெட்டுக்குள் என்ன இருந்தது என்பது அவரவர் விஷயமாக இருந்தது. உன் அப்பாதான் அதை எழுத்தில் கொண்டுவரவேண்டும் என்றார். லைசென்ஸ் உள்ளவர்கள் தாராளமாகக் கொண்டுவரலாம், அவர்களில் சிலர் கதவோரம் உட்காரவேண்டும், இதை ஜனவரி மாத ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன் என்றார். காபி நேரம் முழுக்க இதே பேச்சு. நம் சபைத் தலைவர் வெர்லினைத்தான் உனக்குத் தெரியுமே, எந்தச் சண்டையையும் சிரிப்பாக்காமல் விடமாட்டார். பிரசங்கம் நீண்டால் முதல் குண்டு யாருக்கு என்று பாஸ்டர் கவலைப்படுகிறார் என்று சொன்னார். காபி தீர்ந்துபோனால் முதல் குண்டு உங்களுக்குத்தான் என்று அப்பா பதில் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் ஹால்வர் மட்டும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்திலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

எனக்கு முதலில் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. ஆராதனையின்போது அப்பாவின் மேல் லேசாகச் சாய்ந்தால் அவர் ஜாக்கெட்டுக்குள் இருந்த கைத்துப்பாக்கி என் விலாவில் இடித்தது, அவ்வளவுதான். அதைச் சொன்னதற்குத்தான் அக்டோபரில் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. என் இருபுறமும் உள்ளவர்களைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறேன், நீ குத்துகிறது என்கிறாயே என்று அவருக்கு வருத்தம். கூட்டத்தில் வாய் திறக்கும் எண்ணமே எனக்குக் கிடையாது. உன் தாத்தா வீட்டிலும் அப்பா வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் எனக்கு எழுத வரும் என்று செயலாளர் ஆக்கினார்கள். நான் சரி என்றதற்குக் காரணம் வேறு. குறிப்பு எடுக்கிறவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் கூட்டம் முடிந்துவிடும். இத்தனை வருடமும் அப்படியே ஓட்டிவிட்டேன்.

இப்போது மார்னிக்கு வருகிறேன். உனக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அதே பொறுமைதான் இன்னமும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே சர்ச்சில் அவள் ஆர்கன் வாசிப்பில் ஒரு தடுமாற்றம். பாஸ்டர் தலையசைத்த பிறகும் பாட்டு தொடங்காது. அவர் மறுபடி தொண்டையைச் செருமவேண்டும், பிறகுதான் ஆர்கன் எழும்பும். மணிக்கட்டு வலி, ஈஸ்டருக்குப் பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். மூட்டுவாதம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் பிரிட்டா, அதில் எந்த வலியும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. வலி உள்ளவர்கள் கோட்டுப் பித்தானைப் போடும்போது முகம் சுளிப்பார்கள். அவள் சுளிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பாட்டு எண்களை அவளிடம் கொடுக்கப் போனேன். சர்ச்சில் வேறு யாரும் இல்லை, ஹீட்டர் சத்தம் மட்டும்தான். பெடலில் சிக்கிய ஏதோ ஒன்றை எடுக்க அவள் கீழே குனிந்திருந்தாள், நான் தாளை வைக்கப்போன இடத்தில் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. ஆர்கன் வாசிக்கிறவள் சபைக்கு முதுகு காட்டி உட்காருவதால், பாஸ்டர் தலையசைப்பது தெரிவதற்காக மேலே மாட்டியிருக்கும் கண்ணாடி. அதில் பிரசங்க மேடை தெரியவில்லை. நாலாவது பெஞ்சு, நடைபாதை ஓரம், அது மட்டும் நேராகத் தெரிந்தது. அது அவளைப் பிரிந்த புருஷன் டெரிக் உட்காரும் இடம். அவள் நிமிர்ந்தாள், நான் எதைப் பார்க்கிறேன் என்பதைப் பார்த்தாள். கண்ணாடி தானாகத் திரும்பிவிட்டது என்றோ கை தவறிப் பட்டுவிட்டது என்றோ அவள் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: “அவன் முகத்தைப் பாக்குறதுக்கு இல்ல ரெனே. அவன் கை எங்க இருக்குன்னு பாக்குறதுக்கு.”

டெரிக்கை நம் ஊரில் யாருக்குத்தான் பிடிக்காது. தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறான், சர்ச் வாசலில் விழும் பனியைக் காசு வாங்காமல் தன் வண்டியால் தள்ளித் தருகிறான், பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறான். இரண்டு பேரும் பிரிந்தபோது எல்லோரும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வருத்தப்பட்டோம், அத்தோடு விட்டுவிட்டோம். அன்றைக்குத்தான் மார்னி சொன்னாள். அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லையாம், குரலைக்கூட உயர்த்தியதில்லையாம். அவள் அவனுக்குப் பிடிக்காத எதையாவது சொன்னால், அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்து வருகிறேன் என்பது போல எதையாவது, அவன் பேசாமல் எழுந்து போய்க் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் துணி விரித்துப் பிரித்துப்போட்டுத் துடைப்பானாம். துடைத்துக்கொண்டே, ம், நீ சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்பானாம். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வராது. இதை நான் யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது, சுத்தம் செய்தான் என்றா, அதுவும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்று கேட்டாள். இப்போது ஞாயிறுதோறும் அவன் அவளுக்குப் பின்னால் உட்காருகிறான். அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இதுவரை யாரும் கேட்காமல் நடந்தது, இனி தீர்மானமே போட்டு அனுமதி கொடுக்கப் போகிறீர்கள், அதற்கப்புறம் என்னால் ஆர்கன் முன்னால் உட்கார முடியாது என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது, உன் அப்பா கர்ட்டிடமும் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் வாக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று வீடு வரும் வழியெல்லாம் நொந்துகொண்டேன்.

ஏனென்றால் தீர்மானம் கொண்டுவருகிறவர் என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று. காரணம் கேட்டார். காரணம் சொல்ல முடியாது என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “என்ன, குறிப்பு எழுதுற அம்மாவுக்குத் திடீர்னு கருத்தெல்லாம் வந்துடுச்சா?” என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நானும் பதிலுக்கு, உங்களைக் காப்பாற்ற யாரும் துப்பாக்கி எடுக்கவேண்டாம், கொழுப்பைக் குறைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கூட்டம் வரையில் வீட்டில் நாய் ஒன்றுதான் சத்தமாகப் பேசியது.

கூட்டத்தன்று வெளியே கொடுங்குளிர், அதனாலேயே எல்லோரும் வந்திருந்தார்கள், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. கீழ்த்தளத்தில் மேசை நிறைய உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ், பன்றித் தொடை, கேரட் போட்ட ஆரஞ்சு ஜெல்லி. சாப்பிட்டு முடித்துக் காகிதத் தட்டுகளை ஒதுக்கியபின் வெர்லின் மேசையைத் தட்டினார். கூரை ஒழுகல், கல்லறைப் புல், அதெல்லாம் முடிந்து அப்பாவின் தீர்மானம் வந்தது. அப்பா நன்றாகத்தான் பேசினார், அதையும் நான் சொல்லவேண்டும். பயிற்சி பற்றிப் பேசினார், போலீஸ் வண்டி நம் சர்ச்சுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று பேசினார், அதில் பொய் எதுவும் இல்லை. எதிர்த்தவர்களும் பேசினார்கள், சிலுவைக்குக் கீழே துப்பாக்கி எதற்கு என்றார்கள். எல்லோர் பேச்சிலும் வெளியிலிருந்து வரப்போகிற யாரோ ஒருவன்தான் இருந்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு டெரிக் எழுந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “நான் எனக்காகக் கேக்கல. மார்னி மாதிரி ஆளுங்களை நெனச்சுப் பாருங்க. கதவுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க. பின்னால யார் வர்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா? அவங்க முதுகை யாராவது பாத்துக்கணும் இல்லியா?” என்றான். எவ்வளவு பெரிய மனசு, பிரிந்த பிறகும் அவளைப் பற்றி யோசிக்கிறானே என்று பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மார்னி காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அதில் காபி இல்லை, எப்போதோ தீர்ந்துவிட்டது.

வெர்லின், சரி, ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். நாம் எப்போதும் கையைத் தூக்கித்தானே ஓட்டுப் போடுகிறோம். கை தூக்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை இடமும் வலமும் பார்த்துக்கொள்வார்கள், கவனித்திருக்கிறாயா. யார் நிலம் உழ டிராக்டர் தருகிறார், யார் பனி தள்ளுகிறார், எல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும். மார்னி கையைத் தூக்காமல் இருந்தால் டெரிக் பார்ப்பான். அந்த நேரத்தில் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது, நம் சர்ச் விதிகளைச் சென்ற வருடம் புதிதாகத் தட்டச்சு செய்தவள் நான்தான், ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் சீட்டில் எழுதித்தான் ஓட்டெடுக்கவேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. சீட்டுக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும், அந்த அவமரியாதையை நம் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலி கிறீச்சென்றது, எல்லோரும் திரும்பினார்கள். கன்னம் இரண்டும் சூடானது எனக்கே தெரிந்தது. சீட்டில் எழுதவேண்டும் என்றேன். என் குரல் அவ்வளவு தூரம் போகவில்லை, வெர்லின் காதில் கையை வைத்து, என்னம்மா ரெனே, பேனா தீர்ந்துபோச்சா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியாக இருந்தது, கொஞ்சம் கோபம் வந்தது. இந்த முறை கேட்கிற மாதிரி சொன்னேன். “வெளியிலருந்து வரப்போறவனைப் பத்தியே பேசிட்டோம். உள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தர் வெச்சிருக்கறது இன்னொருத்தருக்குப் பயமா இருந்தா, அதை அவர் மூஞ்சிக்கு நேரா இங்க சொல்ல முடியுமா? எனக்கு முடியாது. கை தூக்கவும் முடியாது. அதனால சீட்டு கேக்குறேன்.” யாருடையது, யாருக்கு என்று நான் சொல்லவில்லை, மார்னியின் பக்கம் பார்க்கவும் இல்லை. உன் அப்பா பக்கம்தான் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல். எல்லோரும் அவரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவரும் அப்படி நினைத்திருக்கலாம். அவர் முகம் சிவந்துபோயிற்று, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. டெரிக், நமக்குள் என்ன ரகசியம், நாம் எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றான். விதியில் இருந்தால் இருக்கிறதுதான் என்று பாஸ்டர் ஹால்வர் சொன்னார். அந்த மூன்று மாதத்தில் அவர் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான், அவருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கொண்டுவரலாம் என்றோ யாரும் கொண்டுவர வேண்டாம் என்றோ எழுதுவதற்குப் போன வார ஆராதனைத் தாள்களைக் கிழித்துச் சீட்டாக்கினோம், காபித் தூள் டப்பாவில் போட்டார்கள். எழுதும்போது பார்க்கவேண்டுமே, பரீட்சையில் காப்பியடிக்காமல் இருக்க மறைப்பதுபோல எல்லோரும் இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டார்கள், புருஷனுக்குப் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குப் புருஷன். வெர்லினும் பாஸ்டரும் சமையலறைக்குள் போய் எண்ணினார்கள். திரும்பி வந்தபோது வெர்லின் முகத்தில் கேலி இல்லை. வேண்டாம் என்பதுதான் தெளிவாக ஜெயித்திருந்தது. லைசென்ஸ் இருந்தாலும் வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும், வாசலில் அறிவிப்பு வைக்கப்படும். “இத்தனை வருஷமா கைய மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன் போல” என்று வெர்லின் சொன்னார், மேசையைத் தட்டக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டார். டெரிக் சிரித்த முகத்தோடு நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுத்தான் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். தானியக் கிடங்கைத் தாண்டிய பிறகு அப்பா, நான் வேண்டாம் என்றுதான் எழுதினேன் என்றார். நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அவர் தீர்மானத்துக்கு அவரே எதிர்ப்பா என்று கேட்டேன். “கல்யாணமான நாள்லருந்து நீ ஒரு கூட்டத்துலயும் எந்திரிச்சதில்ல ரெனே. நீ எந்திரிச்சா ஏதோ இருக்குன்னு அர்த்தம். என்னன்னு எனக்குத் தெரிய வேண்டியதில்ல” என்றார். பிறகு, அது நான்தானா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மூச்சை விட்டார். அக்டோபரிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சு அது. நான் கொஞ்சம் அழுதேன், அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார், வீட்டில் ஹாட்டிஷ் மிச்சத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட்டோம். அதற்காக உன் அப்பா கட்சி மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு கேலியாக எதுவும் எழுதிவிடாதே. லைசென்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் பொறுப்பானவர்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார், எனக்கும் அதில் மறுப்பில்லை. அவருடையது இப்போது வண்டியில் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, என் விலாவும் நலம்.

அந்த வாரமே மார்னி நம் வீட்டுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் தானே சொன்னாள்.  ஆறு சீசன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மான் வேட்டை ஆடியிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்றார். “உனக்குத் தெரியற மாதிரி அவன் எதுவும் செஞ்சதில்ல கர்ட்” என்றாள் அவள். அவர் எழுந்து கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு போய் அவள் வீட்டு இரண்டு கதவுக்கும் பூட்டு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். மாவட்டத் தலைநகரில் பெண்களுக்கு உதவி செய்கிற ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கே அவளை நான் அழைத்துப்போனேன். மேசையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு பேசச் சொல்வதும் மிரட்டல்தான், அதற்கென்று வழி இருக்கிறது என்று அங்கிருந்த பெண் சொன்னதும் மார்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை என்று நினைத்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு டெரிக் உள்ளே வரவில்லை. ஆராதனை முழுவதும் வண்டி எஞ்சினை அணைக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தான், வெர்லினும் உன் அப்பாவும் யாரும் சொல்லாமலே அவளை அவள் கார் வரை கூட்டிப்போய் விட்டார்கள். இப்போது அவன் நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம், துப்பாக்கி கொண்டுவரலாம் என்று சொல்கிற ஒரு சர்ச்சுக்குப் போகிறான் என்று கேள்வி. பனி தள்ளும் வேலை உன் அப்பா தலையில் விழுந்திருக்கிறது, முதுகு வலி என்று முனகிக்கொண்டே செய்கிறார்.

இன்று காலை ஆராதனையில் ஒரு பாட்டும் தாமதமாகத் தொடங்கவில்லை. முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது வாசிப்பாளே அந்தக் கடைசி இசை, அது வழக்கமாக நாம் கோட்டுப் போட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். இன்று தீரவில்லை. சபை காலியாகிவிட்டது, கீழே காபி ஆறிக்கொண்டிருந்தது, அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். நான் தாள்களைப் பொறுக்குகிற சாக்கில் பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். கண்களை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள் பிரிட்டா. பின்னால் அத்தனை பெஞ்சும், திறந்த கதவும். நாங்கள் நாலைந்து பேர் கோட்டும் தொப்பியுமாக நின்று அவள் முடிக்கும்வரை கேட்டோம், யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

காகிதம் முடியப்போகிறது. மலேரியா மாத்திரையை விடாமல் போடு, தீரப்போகிறது என்றால் முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள், கூச்சப்படாதே, கேட்பதற்கு உன் அம்மாவைப் போல இத்தனை வருடம் எடுத்துக்கொள்ளாதே. உன் கம்பளிச் சட்டை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மார்னி உன்னை விசாரித்தாள், அங்கே பியானோ இல்லாவிட்டாலும் விரல்களை மேசையில் தட்டியாவது பழகச் சொன்னாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்து. அப்பா தன் முத்தத்தையும் எழுதச் சொல்கிறார், இனி வருகிற கூட்டங்களில் நான் எழுதுவேனா பேசுவேனா என்று உன்னிடம் கேட்கவும் சொல்கிறார். இரண்டும் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ரெனே